'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ராக் குழுக்களுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வெளிவரும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ஆன்மிகச் சொற்பொழிவு, நூல் வெளியீடு, சபாக் கச்சேரி, மருத்துவ முகாம் எல்லாம் இடமும் நேரமும் குறிப்பிட்டு இடம்பெறுகின்றன. சொந்தமாகப் பாட்டு எழுதி, திரைப்படத்தின் துணையின்றி மேடையேறும் ராக் குழுக்களின் நிகழ்ச்சிகள் மட்டும் அதில் வருவதில்லை. அவற்றையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். கேட்பது நான்கு வரி இடம்தான். ஆனால், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இந்நிகழ்ச்சிகளுக்குப் போய்வருபவன், போனவற்றைவிட அதிகமானவற்றைத் தவறவிட்டவன் என்ற முறையில், அந்த நான்கு வரி இல்லாததால் நேர்வது என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

சென்னையில் ராக் இசைக்கென்று ஒரு காலத்தில் அடையாறு காந்தி நகரில் அன்வைண்ட் சென்டர் என்ற சிறிய இடம் இருந்தது. ஜூன் மாதத்தில் 'ஜூன் ராக் அவுட்' என்ற பெயரில் அந்த மையம் விழாவும் நடத்தியது. 2005இல் தொடங்கிய ஜங்க்யார்ட் குரூவ், 2006இல் தொடங்கிய ஸ்க்ராட் முதலிய சென்னைக் குழுக்கள் தலையெடுத்த காலம் அது. மேடைக்கும் கேட்பவருக்கும் இடையே கை எட்டும் தூரம்தான் இருக்கும். டிரம்ஸ் அடிப்பவர் குச்சியை ஓங்கும்போதே அடுத்த அடி எங்கே விழப்போகிறது என்று தெரிந்துவிடும். பேஸ் கிட்டாரின் ஒலி காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் அதிரும். பாட்டு நடுவில் கிட்டார் கம்பி அறுந்தால், வேறு கம்பி மாட்டி முடிக்கும் வரை பாடகர் எதையாவது பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பேச்சும் எங்களுக்கு நிகழ்ச்சியின் ஒரு பகுதிதான். எல்லாம் முடிந்த பிறகு, சற்றுமுன் மேடையில் நின்ற அதே இளைஞர்கள் ஆம்ப்ளிஃபயரைத் தாமே தூக்கிக்கொண்டு வாசலில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவார்கள்.

அந்தக் குழுக்களில் பல ஓரிரு ஆண்டுகளில் கலைந்துவிட்டன. படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, ஒருவர் வெளிநாடு சென்றார் என்று காரணங்கள் எளிமையானவை. ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லாததால், அவர்கள் பாடிய பாடல்களுள் பெரும்பாலானவை பதிவாகவே இல்லை. திரைப்பாடலை இன்று கேட்காவிட்டால் நாளை தேநீர்க் கடையில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு சுயாதீனக் குழுவின் நிகழ்ச்சியைத் தவறவிட்டால் சில சமயம் அந்தப் பாட்டையே தவறவிட்டதாகிவிடுகிறது. இன்றும் எனக்கு மெட்டு மட்டும் நினைவிருக்கும் இரண்டு மூன்று பாடல்கள் உண்டு. அவற்றை இன்னொரு முறை கேட்க எந்த வழியும் இல்லை.

ஐ.ஐ.டி. வளாகத்தின் திறந்தவெளி அரங்கில் ஜனவரி மாதத்தில் நடைபெறும் 'சாரங்' விழாவின் ராக் இரவு பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்த அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து பெரிய குழுக்களைக் கேட்ட இரவுகளும் எனக்கு உண்டு. நுழைவுச்சீட்டு எங்கே, எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் வளாக வாசலோடு திரும்பிய இரவுகளும் உண்டு. கொச்சியின் மதர்ஜேன் குழுவில் பைஜு தர்மஜன் வாசித்த நாட்களில், மின்கிட்டாரில் கமகம் வழுக்கிக்கொண்டு வருவதை நேரில் கேட்டவர்கள் இசை நாடாவில் கேட்டவர்களோடு ஒருபோதும் உடன்படமாட்டார்கள். அரங்கத்து ஒலி அப்படிப்பட்டது.

தவறவிட்டவற்றுள் எனக்கு இன்னும் ஆறாதது, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. கானா பாடுபவர்கள், ராப் பாடுபவர்கள், கிட்டாரும் டிரம்ஸும் வாசிப்பவர்கள் என ஏறத்தாழ இருபது பேர் ஒரே மேடையில் நின்றார்கள். வில்லிவாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் தொலைவு அதிகமில்லை, மிதிவண்டியிலேயே போய்விடலாம். அன்று மாலை நான் வீட்டில் சும்மாதான் இருந்தேன். பிறகு நாளிதழில் படத்தோடு செய்தி வந்தபோதுதான் அப்படியொன்று நடந்ததே எனக்குத் தெரிந்தது. நடந்து முடிந்ததைச் செய்தியாக்கத் தகுதியுள்ள ஒரு நிகழ்ச்சி, நடக்கப்போகிறது என்று முதல் நாள் சொல்லவும் தகுதியுள்ளதுதானே? பிற்பாடு அக்குழுவை வேறு மேடைகளில் பார்த்துவிட்டேன். ஆனால் முதல் மேடை என்பது ஒருமுறைதான் உண்டு.

இந்நிகழ்ச்சிகளைப் பற்றிய தகவல் இப்போது பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில், அதுவும் ஆங்கிலத்தில், இரண்டு மூன்று நாள் முன்னதாக வெளியாகிறது. அந்தக் குழுவையோ அரங்கத்தையோ ஏற்கெனவே பின்தொடர்பவர்களின் கைப்பேசிக்குத்தான் அது வந்து சேரும். இதனால் ஏற்கெனவே வருபவர்களே மீண்டும் மீண்டும் வருகிறார்கள். புதிதாக ஒருவர் தற்செயலாக வந்து உட்காரும் வாய்ப்பே இல்லாமல் போகிறது. ஒரு நிகழ்ச்சியில் சுற்றிலும் பார்த்தால், வந்தவர்களுள் பாதிப் பேர் வேறு குழுக்களில் வாசிப்பவர்கள் என்பது தெரியும். நல்ல ரசிகர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் கலைஞர்கள் தமக்குள்ளேயே மாறி மாறிக் கேட்டுக்கொள்ளும் இசை எத்தனை நாள் தாங்கும்?

அடுத்த சிக்கல் நேரம். மாலை ஏழு மணி என்று அறிவிப்பார்கள். ஏழு மணிக்குக் கதவு திறக்கும் என்பதுதான் அதன் பொருள் என்பது பழகியவர்களுக்கு மட்டுமே தெரியும். எட்டு மணி வரை ஒலி சரிபார்ப்பு நடக்கும். அதன்பின் ஒன்றிரண்டு குழுக்கள் வாசிக்கும். யாருக்காகப் போனோமோ அவர்கள் மேடையேற ஒன்பதரை ஆகும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்க முடியாது. விதி சரியானதே; அக்கம்பக்கத்தில் குழந்தைகளும் முதியவர்களும் தூங்க வேண்டும். ஆனால் பத்து மணி என்ற எல்லையைத் தெரிந்துகொண்டே ஏழு மணி நிகழ்ச்சியை எட்டரைக்குத் தொடங்கினால், கடைசியாக வரும் குழுவுக்கு நான்கு பாட்டு மிஞ்சும். அந்த நான்கையும் முழுவதாகக் கேட்க என்னைப் போல் புறநகர் ரயிலை நம்பியிருப்பவர்களால் முடியாது. நகருக்கு இன்னொரு கோடியில் நடக்கும் நிகழ்ச்சிகளில், எனக்கு மிகவும் பிடித்த பாட்டின் தொடக்கம் காதில் விழ, கடிகாரத்தைப் பார்த்தபடியே வெளியேறுவது வழக்கமாகிவிட்டது.

இதோடு ஒப்பிட்டால் நம் டிசம்பர் சீசனின் ஒழுங்கு வியக்கத்தக்கது. எந்த சபாவில், எந்த நாளில், யார் பாடுகிறார், பக்கவாத்தியம் யார், எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குத் தொடக்கம் என்பதெல்லாம் வாரக்கணக்கில் முன்னதாகவே அச்சாகி வந்துவிடுகின்றன. மாமிகள் அந்த அட்டவணையைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு சபாவில் தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து அடுத்த சபாவில் தொடக்க உருப்படியான வர்ணத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். (தனியின்போது எழுந்து போவது மிருதங்க வித்வானுக்கு இழைக்கும் அநியாயம் என்பது வேறு விஷயம்.) இந்த அளவுக்கு நேரம் பார்த்து இசை கேட்கத் தெரிந்த ஊரில்தான், ராக் குழு எத்தனை மணிக்கு வாசிக்கும் என்பது பரம ரகசியமாக இருக்கிறது.

மூன்றாவது, இடம். தமிழ்நாட்டில் மதுக்கூடத்துக்கான உரிமம் நட்சத்திர ஓட்டல்களுக்கும் மனமகிழ் மன்றங்களுக்கும்தான் கிடைக்கிறது. மற்றவை டாஸ்மாக் கடையை ஒட்டியவை. ராக் குழுக்களுக்கு மேடை தரக்கூடிய சிறிய இடங்கள் உலகெங்கும் மது விற்றே வாடகையைச் சமாளிப்பதால், சென்னையில் இந்த இசை ஓட்டல் மதுக்கூடங்களில் போய் ஒடுங்கிக்கொண்டது. அங்கே 21 வயது நிறையாதவர்களுக்கு அனுமதி இல்லை. என் அண்ணன் மகள் பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் வீட்டில் பலமுறை கேட்டு மனப்பாடம் செய்த ஒரு சென்னைக் குழு, நகரின் ஓர் ஓட்டலில் வாசித்தபோது அவளை அழைத்துச் சென்றேன். வாசலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். வயது பத்தொன்பது என்று தெரிந்ததும் பணிவாகவே மறுத்துவிட்டார்கள். சட்டம் அப்படியிருக்க அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அறிவிப்பில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் அவளை அங்கே கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டேன். கண்ணாடிக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் பாட்டின் துணுக்குகள் வெளியே வந்தன. "சித்தப்பா, நீங்க மட்டும் போய்க் கேட்டுட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மதுக்கூடம் சார்ந்த ஏற்பாடும் நிலையானது அன்று. மும்பையின் புளூ ஃபிராக் என்ற இசைக்கூடம் 2007இல் தொடங்கி 2016இல் மூடப்பட்டது. பெங்களூரு இந்திராநகரில் 2013இல் வந்த தி ஹம்மிங் ட்ரீ 2019இல் மூடப்பட்டது. தென்னிந்தியக் குழுக்களுக்குப் பிறந்த வீடு போலிருந்த இடம் அது. சென்னையில் கேட்க முடியாத குழுக்களைக் கேட்க நாங்கள் பெங்களூருக்குப் போனோம் என்றால் இத்தகைய இடங்கள் அங்கே இருந்ததுதான் காரணம். அந்தப் பயணங்களும் எப்போதும் நிறைவேறவில்லை. ஒருமுறை நிகழ்ச்சி ரத்து என்ற செய்தி, நாங்கள் பெங்களூரு ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகு வந்தது. நுழைவுக்கட்டணம் சில நாட்களில் திரும்பி வந்துவிட்டது. ரயில் கட்டணத்தையும் எடுத்த விடுப்பையும் யாரிடம் கேட்பது?

வெளிநாட்டுக் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2023 ஜனவரியில் மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் நடந்த, இந்தியாவின் முதல் லொல்லபலூசா இசை விழாவில் நியூயார்க்கின் தி ஸ்ட்ரோக்ஸ் வாசித்தது. கல்லூரி நாள் முதல் நான் கேட்டுவந்த குழு. நுழைவுச்சீட்டு, ரயில், தங்கும் இடம் என்று கணக்குப் போட்டபோது ஒரு மாத வீட்டு வாடகையைத் தாண்டியதால் போகவில்லை. 2012 முதல் அருணாசலப் பிரதேசத்தில் அபதானி மக்கள் வாழும் சீரோ பள்ளத்தாக்கில் நடக்கும் இசை விழாவுக்கும் ஆண்டுதோறும் ஆசைப்படுவதோடு சரி. அவை பெரிய செலவு. அவற்றைத் தவறவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. என் புகாரெல்லாம் என் வீட்டிலிருந்து மூன்றாவது ரயில் நிலையத்தருகே நடந்ததைத் தவறவிடுவது பற்றியே.

தங்கள் வாசகர்களுக்கு இதில் ஆர்வம் இருக்குமா என்ற கேள்வி எழலாம். என் தாயாரே, நான் கிளம்பும்போதெல்லாம், "பாடுறவங்க எந்தப் படத்துல பாடியிருக்காங்க?" என்றுதான் கேட்பார். படத்தில் பாடவில்லை என்றால் இன்னும் பாடகர் ஆகவில்லை என்பது அவர் கணக்கு. ஆனால் கபேர் வாசுகியும் டென்மாவும் இணைந்த 'குரங்கன்' குழுவின் தமிழ்ப் பாடல்களை ஒரு நாள் வீட்டில் ஒலிக்கவிட்டபோது, அடுக்களையிலிருந்து வந்து முழுவதும் நின்று கேட்டார். சொற்கள் தெளிவாகப் புரிகின்றன என்றார். ராக் என்றாலே ஆங்கிலம் என்றும், மேல்தட்டு இளைஞர்களின் பொழுதுபோக்கு என்றும் நினைத்திருந்த காலம் போய்விட்டது. தமிழில் எழுதிப் பாடும் குழுக்களைத் தமிழ் நாளிதழ் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

விளம்பரமாகிவிடுமோ என்று ஐயுற வேண்டியதில்லை. சபாக்களும் கட்டணம் வாங்கித்தான் கச்சேரி நடத்துகின்றன. குழுவின் பெயர், பாடும் மொழி, இடம், அருகிலுள்ள ரயில் அல்லது மெட்ரோ நிலையம், முதன்மைக் குழு மேடையேறும் நேரம், முடியும் நேரம், கட்டணம், வயது வரம்பு ஆகிய இவ்வளவும் இருந்தால் போதும். மேடையேறும் நேரத்தை அச்சில் கொடுக்க வேண்டியிருந்தாலே அமைப்பாளர்களுக்கு அதைக் கடைப்பிடிக்க வேண்டிய கட்டாயம் ஓரளவு வந்துவிடும். தினமும் இடம் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மட்டும் வெளியிடலாம். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கின்றன.

இடத்தைப் பற்றி மாநகராட்சிக்கும் தங்கள் வாயிலாக ஒரு வார்த்தை. 2007இல் தொடங்கி, பின்னர் நின்றுபோய், 2023இல் மீண்டும் வந்த சென்னை சங்கமம், பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் பறையும் கரகமும் ஒலிக்க முடியும் என்பதைக் காட்டியது. பொங்கலையொட்டிய நாட்களில் முடிவது மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு முதல் ஒன்பது வரை முடியாதா? முந்நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு கூடத்தைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் போதும். மது இல்லாத இடம் என்றால் பத்தொன்பது வயதுப் பெண்ணும் உள்ளே வரலாம், அவளுடைய பாட்டியும் வரலாம்.

ஜூன் 21 உலக இசை நாள். 1982இல் பிரான்சில் தொடங்கிய அந்த நாளையொட்டி நுங்கம்பாக்கத்தில் உள்ள பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேயில் இளம் குழுக்கள் மேடையேறுவது வழக்கம். புதிய பட்டியலை அந்த வாரத்திலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை. குழுக்களிடமிருந்து விவரம் திரட்டித் தமிழில் எழுதி அனுப்ப ஆள் வேண்டுமென்றால், அந்த வேலையை நானும் என் அண்ணன் மகளும் ஊதியமின்றிச் செய்து தரத் தயாராக இருக்கிறோம். புதன்கிழமை மாலைக்குள் தங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை.