அக்டோபர் 20 அன்று போடாத மேடை
பிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில்தான் எழுதுகிறேன். பாலஸ்தீனக் கவிதை எனக்குத் தமிழில் வந்து சேர்ந்தது. 2023-ல் ஒரு பாலஸ்தீன எழுத்தாளருக்கு உங்கள் கண்காட்சியில் இல்லாமல் போன மேடையைப் பற்றிய முறையீடும் தமிழில் போவதுதான் முறை. மொழிபெயர்ப்பு உரிமைக்காக உலகமே கூடுகிற இடம் உங்களுடையது. படித்துச் சொல்ல ஓர் ஆள் உங்களுக்குக் கிடைக்காமல் போகாது.

நான் எழுத்தாளர் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு புத்தகத்தைப் பேசிக் கலையும் வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவள். இருபது பேர் வந்தால் எங்களுக்கு அது பெரிய கூட்டம். உங்களுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1986-லும் 2006-லும் இந்தியாவைச் சிறப்பு விருந்தினர் நாடாக அழைத்தவர்கள் நீங்கள். 2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசு சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியபோது, இங்கே புத்தகம் பேசுகிற எல்லோர் வாயிலும் உங்கள் ஊர்ப் பெயர்தான். எங்கள் மொழிக்கு அங்கே ஒரு வாசல் இருக்கிறது என்று நாங்கள் நம்பத் தொடங்கிய அதே ஆண்டில், அந்த வாசல் ஒருத்தி முகத்தில் சாத்தப்பட்டதைப் பார்த்தோம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா, அரபு உலகம் ஆகிய பகுதிகளின் பெண் எழுத்தாளர்களுக்கென்று, உங்களோடு சேர்ந்து இயங்கிய லிட்ப்ரோம் அமைப்பு ஆண்டுதோறும் வழங்கி வந்தது லிபெராட்டூர் விருது. 2023-க்கான விருது பாலஸ்தீன எழுத்தாளர் அதானியா ஷிப்லிக்கு என்று அந்தக் கோடையிலேயே முடிவாகிவிட்டது. அக்டோபர் 20 அன்று கண்காட்சியில் விழா. அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதல் நடந்தது. இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். காசா மீது குண்டு விழத் தொடங்கியது. அக்டோபர் 13 அன்று விழா ஒத்திவைப்பு என்று அறிவிப்பு வந்தது. ஆசிரியரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று முதலில் சொன்னார்கள். அவர் சம்மதத்தோடு எடுத்த முடிவு இல்லை என்று அவர் தரப்பு மறுத்தது. விழா நடந்திருந்தால், இவ்வளவு கொடுமையும் வலியும் சூழ்ந்த நேரத்தில் இலக்கியம் என்ன செய்ய முடியும் என்பதையே பேசியிருப்பார் என்றும் சொன்னது.

அறுநூறுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். அப்துல்ரசாக் குர்னா, அன்னி எர்னோ, ஓல்கா தொகார்சுக் என்று நோபல் பரிசு பெற்ற மூவர் அதில் இருந்தார்கள். இந்தோனேசியாவும் மலேசியாவும் கண்காட்சியிலிருந்து விலகின. அப்போதும் முடிவு மாறவில்லை. அந்த வாரக் கடைசியில் உங்கள் ஊர்ப் பவுல் தேவாலயத்தில் சல்மான் ருஷ்டிக்கு ஜெர்மன் புத்தக வணிகத்தின் அமைதிப் பரிசு வழங்கப்பட்டது. எழுதியதற்காகக் கத்திக்குத்து வாங்கியவர். அவருக்குக் கொடுத்ததில் எங்களுக்கு மனநிறைவுதான். ஒரே வாரத்தில் ஒரே ஊரில் அந்த மேடை இருந்தது, இந்த மேடை இல்லை என்பதைத்தான் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

அந்த நாவலை நீங்கள் படித்திருப்பீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் விருதைப் பற்றிப் பேசியவர்களில் பலர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. நான் ஆங்கிலத்தில் படித்தேன். அரபியில் 2017-ல் வந்தது. தலைப்பைத் தமிழில் 'சிறு விவரம்' என்று சொல்லலாம். முதல் பாதி 1949 ஆகஸ்டில், நெகேவ் பாலைவனத்தில் ஓர் இஸ்ரேலிய ராணுவ முகாமில் நடக்கிறது. அதிகாரிக்குத் தொடையில் பூச்சி கடித்துப் புண் சீழ் வைக்கிறது. அவன் திரும்பத் திரும்பக் கழுவுகிறான். துணி, சோப்பு, தண்ணீர் என்று பக்கம் பக்கமாகக் கழுவுகிறான். பிடித்துவந்த பெதுவின் என்ற பாலைவன நாடோடி இனத்துச் சிறுமியையும் அப்படித்தான், எல்லோர் முன்னிலையிலும் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வைக்கிறான். அவள் பேசுவது அங்கே யாருக்கும் புரியாது, நமக்கும் அந்தப் பேச்சு தரப்படவில்லை. அவளோடு வந்த நாய் மட்டும் குரைத்துக்கொண்டே இருக்கிறது. பிறகு நடப்பது வன்கொடுமையும் கொலையும். இது கற்பனையில் பிறந்ததில்லை. அந்தக் குற்றம் உண்மையில் நடந்தது. இஸ்ரேலின் ராணுவ நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது. 2003-ல் அந்நாட்டின் ஹாரெட்ஸ் நாளிதழ்தான் அதை வெளியே கொண்டுவந்தது.

இரண்டாம் பாதியில், மேற்குக்கரையின் ரமல்லாவில் வேலை பார்க்கும் ஒரு பெண் அந்தச் செய்தியைப் படிக்கிறாள். கொலை நடந்த நாள், அவள் பிறப்பதற்குச் சரியாக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அதே தேதி. அந்த ஒரு பொருத்தம் அவளைத் தூங்கவிடவில்லை. தன் அட்டையோடு அங்கே போக முடியாது என்பதால், உடன் வேலை பார்க்கும் ஒருத்தியின் அடையாள அட்டையை இரவல் வாங்கி, வாடகைக் காரில் கிளம்புகிறாள். காரில் அவளிடம் இருப்பவை வரைபடங்கள். இஸ்ரேல் உருவான 1948-க்கு முந்தைய படத்தில் ஊர் ஊராகப் பெயர்கள். இன்றைய படத்தில் அதே இடங்களில் வெறும் மஞ்சள் வெளி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி போகிறாள். இந்த நாவலில் வெறுப்பின் ஒரு வரியைக்கூட நான் காணவில்லை. தொலைந்த ஒன்றைத் தேடிப் போகிறவளின் நடுக்கம்தான் இருக்கிறது. அக்டோபர் 7-க்கு ஆறு ஆண்டு முன்பே எழுதி முடித்த புத்தகம் அக்டோபர் 7-க்காக எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏறியது என்பதை யாரும் எனக்கு விளக்கவில்லை.

இஸ்ரேலியக் குரல்கள் அந்த ஆண்டு கண்காட்சியில் தனித்துத் தெரிய வேண்டும் என்று உங்கள் இயக்குநர் சொன்னார். சொல்லட்டும். துக்கத்தில் இருப்பவருக்கு இடம் தருவது மனிதப் பண்பு. ஓர் எழவு வீட்டில் உட்கார இடம் போட, பக்கத்து எழவு வீட்டுப் பாயைச் சுருட்டி எடுத்து வருவார்களா என்பதுதான் என் கேள்வி.

பக்கத்து வீட்டில் எழவு என்று சும்மா சொல்லவில்லை. விழா நடக்க வேண்டிய அதே நாளில், 2023 அக்டோபர் 20 அன்று, காசாவின் கான் யூனிஸில் ஹிபா அபூ நதா என்ற கவிஞர் தன் வீட்டின் மீது விழுந்த குண்டில் கொல்லப்பட்டார். வயது 32. நாவலுக்காக ஷார்ஜாவில் பரிசு பெற்றவர். ஒரு பாலஸ்தீனப் பெண் எழுத்தாளர் பிராங்க்ஃபர்ட்டில் மேடையேறியிருக்க வேண்டிய நாள் அது. அந்த மேடை இருந்திருந்தால் குண்டு நின்றிருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் அன்று மாலை ஹிபாவின் பெயரை அந்த அரங்கில் சொல்ல ஒரு வாய் இருந்திருக்கும். அதை எடுத்துவிட்டீர்கள்.

ஒத்திவைப்பு என்ற சொல் எங்களுக்கும் பழக்கம். ஒரு பாலஸ்தீன மாலை நடத்துவது என்று எங்கள் வட்டம் முடிவு செய்து, ஊரில் ஒரு சிறிய கூடத்துக்கு முன்பணமும் கட்டியிருந்தோம். கவிதை, ஒரு குறும்படம், கொஞ்சம் இசை, அவ்வளவுதான் நிகழ்ச்சி. இரண்டு நாள் முன்னால் கூடத்துக்காரர் கூப்பிட்டார். "மேல இருந்து சொல்றாங்கம்மா, பிரச்சனை வேணாம்னு. வேற நாள் பாத்துக்கலாம்" என்றார். முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார், நல்ல மனிதர்தான். வேறு நாள் எது என்று மூன்று முறை கேட்டேன். கிணற்றில் போட்ட கல்தான்.

நிகழ்ச்சி அன்றைக்கே நடந்தது, ஒரு தோழியின் வீட்டு மொட்டை மாடியில். கீழேயிருந்து ஒயர் இழுத்து டியூப் லைட் கட்டினோம். துணி காயப்போடும் கொடியில் வெள்ளை வேட்டியைக் கிளிப் போட்டுத் திரையாக்கினோம். பவானி ஜமுக்காளம் விரித்து இருபத்தாறு பேர். பாலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் இறந்த நாற்பதாம் நாள், ரமல்லாவில் ஜுப்ரான் சகோதரர்கள் மூவரும் அவருடைய பதிவுசெய்த குரலோடு ஊத் என்ற அரபு நரம்பிசைக் கருவியை வாசித்தார்கள் இல்லையா, முதலில் அதைப் பற்றிச் சொல்லிவிட்டு அவர்கள் இசையை ஒலிக்கவிட்டோம். அரபி ஒரு சொல் தெரியாது எங்களுக்கு. யாரும் அசையவில்லை. துணி எடுக்க மேலே வந்த பக்கத்து போர்ஷன் அக்கா, கையில் மடித்த துணியோடு சுவரோரம் நின்றவர் கடைசிவரை போகவில்லை.

பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எம்.ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' தொகுப்பிலிருந்து வாசித்தார். இந்தப் பெயரை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். இலங்கையின் கிழக்கே கல்முனையைச் சேர்ந்தவர். அவருடைய அந்தத் தொகுப்பு முதலில் வந்தது 1981-ல். அதே 1981-ல்தான், மே 31 இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டு 97,000 புத்தகங்கள் எரிந்தன. அந்த எரிப்பைப் பற்றி இன்றுவரை தமிழில் பேசப்படும் கவிதையை எழுதியவரும் இதே நுஃமான்தான். பாலஸ்தீனக் கவிதை தமிழுக்குள் வந்தது அப்படிப்பட்ட ஒரு கையால், அப்படிப்பட்ட ஓர் ஆண்டில். ஆகவே இதை எங்கோ தொலைவில் நடக்கும் விவகாரமாக எங்களால் பார்க்க முடியாது. எரிந்த புத்தகத்தின் வாசனை இந்த மொழிக்குத் தெரியும்.

அன்று மாடியில் நான் இன்னொரு கதையும் சொன்னேன். எகிப்திய எழுத்தாளர் அஹ்தாஃப் சூயிஃப் முன்னின்று 2008-ல் தொடங்கிய பாலஸ்தீன இலக்கிய விழாவைப் பற்றி. சோதனைச் சாவடிகளைத் தாண்டி மக்கள் ஓர் இடத்துக்கு வர முடியாது என்பதால், விழாவே ரமல்லா, பெத்லகேம், ஜெனின், ஜெருசலேம் என்று ஊர் ஊராகப் போகிறது. 2009 மே மாதம் ஜெருசலேமில் பாலஸ்தீன தேசிய அரங்கில் தொடக்க நாள். கூட்டம் கூடியபின் ஆயுதத்தோடு போலீஸ் வந்து அரங்கை மூடியது. எழுத்தாளர்களும் வந்தவர்களும் தெருவில் இறங்கி நடந்து, பிரெஞ்சு கலாச்சார மையத்துக்குப் போய் அங்கே நிகழ்ச்சியை நடத்தினார்கள். மையத்துக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். உங்களிடம் எத்தனை அரங்கு, எத்தனை கதவு!

உங்களை மட்டும் தனியே குறை சொல்வது நியாயமாகாது. 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில், மேற்குக்கரையின் மசாஃபர் யத்தா கிராமங்கள் இடிக்கப்படுவதைப் பற்றிப் பாலஸ்தீனரும் இஸ்ரேலியரும் சேர்ந்து எடுத்த ஆவணப்படத்துக்கு விருது கிடைத்தது. மேடையில் அருகருகே இருவரும் நின்று பேசினார்கள். அரங்கில் கைதட்டிய கலாச்சார அமைச்சர் பிறகு கண்டனத்துக்கு ஆளானார். தன் கைதட்டல் அந்த இஸ்ரேலியருக்கு மட்டும்தான் என்று அவர் அலுவலகம் விளக்கம் கொடுத்தது. ஒரே படம், ஒரே விருது. கைதட்டலை எப்படிப் பாதியாக அறுக்க முடிந்தது? ஷிப்லிக்கு நடந்தது ஒரு முன்மாதிரியாகிவிட்டது என்று எனக்கு அன்று தோன்றியது. ஒரு பெரிய நிறுவனம் பயந்தால், அடுத்தவர் பயப்படுவது எளிது. எங்கள் ஊர்க் கூடத்துக்காரர் உங்கள் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். ஆனால் உங்களால் முடியாததை அவரிடம் நான் எந்த முகத்தோடு கேட்பது?

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அந்த அறிவிப்பில் ஆசிரியரும் சேர்ந்து முடிவெடுத்தார் என்று இருந்ததே, அது பிழை என்று உங்கள் மேடையிலிருந்தே வெளிப்படையாகச் சொல்லுங்கள். எழுத்தாளரின் வாயில் அவர் சொல்லாததை வைப்பது புத்தகத் தொழிலில் இருப்பவர் செய்யக்கூடாத காரியம். மற்ற எதையும்விட எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. அடுத்து, அவர் சம்மதித்தால், அந்த நாவலின் பக்கங்களை அரபியிலும் ஜெர்மனிலும் வாசிக்க முதன்மை அரங்கில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். வர விருப்பமில்லை என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள். நாற்காலியை அப்படியே வைத்து ஹிபா அபூ நதாவின் கவிதையை வாசியுங்கள்.

இன்னொன்று. சிறு பதிப்பாளர்களை உங்கள் செலவில் அழைக்கும் திட்டம் உங்களிடம் இருக்கிறது. அதில் காசாக்காரர்களுக்கு இடம் கொடுங்கள். சமீர் மன்சூர் புத்தகக் கடை 2021 மே மாதம் குண்டுவீச்சில் தரைமட்டமானது. உலகெங்கும் வாசகர்கள் பணமும் புத்தகமும் அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் திறந்தது. அப்படி ஓர் ஊரின் பதிப்பாளர் உங்கள் அரங்கில் ஒரு மேசை போட்டு உட்கார என்ன தகுதி பாக்கி இருக்கிறது?

இந்த மடலின் நகலை, ஆண்டுதோறும் இங்கிருந்து உங்கள் கண்காட்சிக்கு வரும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் அனுப்புகிறோம். உரிமை பேசும் மேசையில் உட்காரும்போது இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறோம்.

வரும் அக்டோபர் 20 மாலை ஆறரை மணிக்கு, அதே மாடியில், நாவலின் இரண்டாம் பாதியிலிருந்து சில பக்கங்களைத் தமிழில் வாசிக்கிறோம். எங்களில் ஒருத்தி இதற்கென்றே ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். வரைபடங்கள் வரும் இடத்தில் இப்போது நிற்கிறாள். பக்கத்து போர்ஷன் அக்கா அன்றைக்குச் சுண்டல் செய்கிறேன் என்றிருக்கிறார். ஐப்பசி மாதம், மழை வரலாம். வந்தால் கீழ்வீட்டுக் கூடத்தில். நாள் மாறாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி