காற்றும் வெயிலும் இல்லாத மூன்று நாளுக்கு என்ன கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலக்கரியைக் கைவிடும் அமெரிக்க ஊர்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இணையத்தில் படித்தேன். அதில் நான் இருக்கும் ஊரும் வருகிறது, கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ். ஊர்ப் பெயரைத் தமிழில் பார்த்ததில் சந்தோஷம்தான், சரி. ஆனால் 2030க்குள் இங்கே எல்லாமே காற்றும் சூரியனும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் இங்கே ஒரே மின் அமைப்பைப் பகிரும் நான்கு ஊர்க்காரர்களும் பல வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறோம். கடிதம் கொஞ்சம் நீளும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் எங்களுக்கு மின்சாரம் தரும் இந்த பிளாட் ரிவர் பவர் அத்தாரிட்டி என்ன ஜாதி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரையில் அதை ஒரு தனியார் கம்பெனி மாதிரி எழுதியிருந்தீர்கள். அது கம்பெனி கிடையாது, மாநிலம் முழுக்க ஒன்று என்கிற மின்வாரியமும் கிடையாது. ஃபோர்ட் காலின்ஸ், லவ்லண்ட், லாங்மாண்ட், எஸ்டஸ் பார்க் என்று நான்கு நகராட்சிகள் சேர்ந்து 1973ல் ஏற்படுத்திக்கொண்ட கூட்டு அமைப்பு. மின்சாரத்தைத் தயாரிப்பதும் வெளியிலிருந்து வாங்குவதும் அதன் வேலை. வீட்டுக்குக் கம்பி இழுத்து மீட்டர் வைத்து பில் போடுவது அந்தந்த நகராட்சி. நிர்வாகக் குழுவில் எட்டுப் பேர், ஊருக்கு இரண்டு பேர் வீதம், அதில் ஒருவர் மேயர் அல்லது மேயர் அனுப்பும் ஆள். லாபத்தை அள்ளிக்கொண்டு போகப் பங்குதாரர் யாரும் இல்லை. நஷ்டம் வந்தால் தலையில் துண்டு போட்டுக்கொள்ளவும் வேறு ஆள் இல்லை, எங்கள் மாதாந்திர பில்தான்.

இந்த ஊர்கள் ஆரம்பத்தில் நம்பியிருந்தது மலை அணைகளிலிருந்து மத்திய அரசு விற்ற நீர் மின்சாரத்தை. ஊர் பெருகப் பெருக அது போதாமல்தான் நிலக்கரிக்குப் போனார்கள், அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். ஊருக்கு வடக்கே, வயோமிங் எல்லைக்குக் கிட்டே, ராஹைட் என்ற இடத்தில் 280 மெகாவாட் அனல் மின் அலகு 1984ல் ஓட ஆரம்பித்தது. வயோமிங்கின் பவுடர் ரிவர் படுகையிலிருந்து ரயிலில் நிலக்கரி வரும். குளிர்விக்க ஒரு பெரிய ஏரி, பக்கத்தில் காட்டெருமை மந்தை வேறு மேய்கிறது, படம் பிடிக்க அழகான இடம், புகைபோக்கி மட்டும் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதுபோக மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கிரெய்க் என்ற ஊரில் இருக்கும் அனல் நிலையத்தின் இரண்டு அலகுகளில் ஒவ்வொன்றிலும் இந்த அமைப்புக்கு 18 சதவீதப் பங்கு. அந்தக் கிரெய்க் கதையைப் பிறகு சொல்கிறேன், அது தனி வேடிக்கை.

2018 டிசம்பரில் இந்த எட்டுப் பேர் குழு ஒரு தீர்மானம் போட்டது, 2030க்குள் நூறு சதவீதம் கார்பன் இல்லாத மின்சாரம் என்று. ஊரெல்லாம் கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் தீர்மானத்தின் பின்பாதியை யாரும் படிக்கவில்லை. மின்சாரம் தடைபடக் கூடாது, விலை தாங்கும்படி இருக்க வேண்டும், பேட்டரித் தொழில்நுட்பம் முதிர்ந்து விலை இறங்க வேண்டும், மேற்கு மாநிலங்களுக்கென்று ஒரு பொது மின்சந்தை வர வேண்டும், இப்படி இதெல்லாம் நடந்தால்தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் படித்துவிட்டுத் தேதியை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிட்டது எங்கள் கதை.

2020ல் அடுத்த அறிவிப்பு. 2046 வரைக்கும் ஓட வேண்டிய ராஹைட் அலகை 16 வருஷம் முன்னதாக, 2029 முடிவுக்குள், நிறுத்திவிடுவது. இது சின்ன விஷயம் இல்லை, கட்டின கடனையும் தேய்மானத்தையும் குறைந்த வருஷத்துக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும், அந்தப் பணமும் பில் வழியாகத்தான் வரும். அதே வருஷம் வயோமிங்கில் ரவுண்ட்ஹவுஸ் என்ற 225 மெகாவாட் காற்றாலைப் பண்ணை ஓடத் தொடங்கியது, அதிலிருந்து ராஹைட்டுக்கே நேராகக் கம்பி. ராஹைட் வளாகத்திலேயே 30 மெகாவாட்டும் 22 மெகாவாட்டுமாக இரண்டு சூரியப் பண்ணைகள். அப்புறம் பக்கத்து மாவட்டத்தில் பிளாக் ஹாலோ என்று 150 மெகாவாட். வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நூறு சதவீதம் என்று சொல்லும்போது எந்தக் கணக்கு? வருஷக் கணக்கா, மணிக் கணக்கா?

வருஷக் கணக்கு சுலபம். ஏப்ரல் மாதம் ராத்திரி இரண்டு மணிக்குக் காற்று அடி அடியென்று அடிக்கும், ஊர் தூங்கும், மிச்ச மின்சாரத்தைப் பக்கத்து மாநிலத்துக்கு விற்போம். ஜூலை மாலையில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது வெளியிலிருந்து வாங்குவோம். வருஷக் கடைசியில் விற்றதையும் வாங்கினதையும் கூட்டிக் கழித்தால் அழகாக ஒரு எண் வரும். மணிக் கணக்கு அப்படி விடாது, ஒவ்வொரு மணி நேரமும், ஏன், ஒவ்வொரு விநாடியும், ஊர் கேட்பதும் நிலையம் கொடுப்பதும் சரிக்குச் சரி நிற்க வேண்டும்.

இங்கே மின்சார வேலையில் இருப்பவர்கள் 'டார்க் காம்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, அப்படிப்பட்ட நாட்கள். எப்போதாவது வருவதுதான், ஆனால் வந்தால் பல மணி நேரம், சில சமயம் நாள் கணக்கில் உட்கார்ந்துவிடும், பெரும்பாலும் எல்லோருக்கும் சூடு தேவைப்படும் குளிர்காலத்தில். காற்று இருந்தாலும் கடும் குளிரில் தொல்லைதான். 2022 டிசம்பர் 22 அன்று டென்வரில் மைனஸ் 31 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. மைனஸ் 30 வாக்கில் பல காற்றாலைகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே நின்றுவிடும், அப்படித்தான் அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள்.

அப்படி மூன்று நாள் வந்தால், ராஹைட் தரும் மின்சாரத்தை பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டும் என்று வைத்து, ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 280 மெகாவாட் அலகு முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 6,720 மெகாவாட் மணி. மூன்று நாளுக்கு 20,160. இன்றைக்குப் பரவலாக வாங்குவது நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரி, அதில் 100 மெகாவாட் ஒன்று வாங்கினால் உள்ளே நிற்பது 400 மெகாவாட் மணி. அப்படியானால் அந்த மூன்று நாளைத் தாண்ட இதே மாதிரி ஐம்பது வேண்டும், அதுவும் எல்லாமே முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தால். சாயங்காலம் சூரியன் இறங்கும் நேரத்து இடைவெளிக்கு பேட்டரி அருமையான சாமான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று நாளுக்கு அது பதில் இல்லை.

பொதுச்சந்தை வந்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்பார்கள். பல மாநிலங்களுக்குப் பொதுவான தென்மேற்கு மின்சந்தையின் (சவுத்வெஸ்ட் பவர் பூல்) மேற்குப் பிரிவில் சேருவதும் திட்டத்தின் ஒரு பகுதி, சேர வேண்டியதுதான், ஓரிடத்து மிச்சம் இன்னோரிடத்துக்குப் போகும், விலையும் இறங்கும். ஆனால் குளிர்காற்று மாநில எல்லை பார்த்து நிற்பதில்லையே. எங்களுக்கு இல்லாத நாளில் பக்கத்து வீட்டிலும் உலை கொதிக்காது.

அதனால்தான் 2024ல் போட்ட திட்டத்தில் ஐந்து எரிவாயு டர்பைன்கள் வந்தன, தலைக்கு 40 மெகாவாட், மொத்தம் 200. உங்கள் கட்டுரையில் இல்லாமல் போனது இதுதான். எல்எம்6000 என்ற வகை, போயிங் 747, 767 விமானங்களில் இருக்கும் எஞ்சினைத் தரையில் இறக்கி ஜெனரேட்டரோடு கோர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வாக்கில் முழு வேகத்துக்கு வந்துவிடும். நிலக்கரிக் கொதிகலன் ஆறிப்போய்விட்டால் மறுபடி சூடேற்றவே பல மணி நேரம், அதனால் அதை அணைக்க மனசு வராமல் தேவையில்லாத நேரத்திலும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். காற்றோடு போட்டி போட்டு ஏறி இறங்க நிலக்கரியால் முடியாது, விமான எஞ்சினால் முடியும். ராஹைட்டில் ஏற்கெனவே ஐந்து பழைய எரிவாயு டர்பைன்கள் நிற்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பெரிய கலாட்டா. நூறு சதவீதம் என்று சொல்லிவிட்டு எரிவாயுவா என்று ஒரு கூட்டம் கொதித்தது. நியாயமான கோபம்தான். எரிவாயுவும் கார்பன்தான், குழாயில் கசியும் மீத்தேன் வேறு தனிக் கணக்கு. 2021 பிப்ரவரி பனிப்புயலில் எரிவாயு விலை எங்கே போய் நின்றது என்று டெக்சாஸ்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், அந்தச் சூடு எங்கள் மாநிலத்து பில்களிலும் ஏறியது. வீட்டுக்கூரை பேனல், வீட்டு பேட்டரி, மின்சாரக் கார், தண்ணீர் ஹீட்டர் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டித் தேவையைக் கூட்டிக் குறைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். அதுவும் திட்டத்தில் இருக்கிறது, நல்ல யோசனை, சாயங்கால உச்சத்தைச் சப்பையாக்கும். ஆனால் மூன்றாம் நாள் காலையில் மைனஸ் இருபதில் வீட்டு ஹீட்டரை நிறுத்திவை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

என் அபிப்பிராயம் இதுதான், நண்பர்கள் சிலர் இதற்காகவே என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த ஐந்து எஞ்சினை வாங்கியது தப்பில்லை. வருஷத்தில் கொஞ்ச மணி நேரம் ஓடும் எரிவாயுவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வருஷம் முழுக்க ஓடும் நிலக்கரியை நிறுத்த முடியுமென்றால் அந்தப் பேரத்தை நான் எடுத்துக்கொள்வேன். கார்பன் வெளியீட்டை 2005 அளவிலிருந்து 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 2030க்கு மாநிலச் சட்டம் கேட்கிறது, திட்டம் அதைத் தாண்டிவிடுகிறது. நூறை மட்டும் தொடவில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகலாமே? பழைய நூறை அழிக்கவும் மனசில்லை, பிற்காலத்தில் இந்த எஞ்சின்களில் ஹைட்ரஜன் எரிக்கலாம் என்று ஒரு வரி வேறு. எரிக்கலாம், சரி, யார் தயாரித்து எந்தக் குழாயில் கொண்டுவந்து என்ன விலைக்குத் தருவார்கள்? அதற்குப் பதில் இல்லாத வரைக்கும் அந்த வரி மாவிலைத் தோரணம் மாதிரி, வாசலுக்கு அழகு, அவ்வளவே. எஞ்சின் வாங்கியவர்கள் அது வருஷத்தில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் ஓடும் என்று ஒரு வரம்பைத் தீர்மானமாகப் போட்டு, ஓடின மணிக் கணக்கை மாதாமாதம் வெளியிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவைதான், யாரும் போய் மைக் பிடிக்கலாம், நகராட்சி அமைப்பில் இருக்கிற ஒரே பெரிய சௌகரியம் அது.

கிரெய்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். முதல் அலகு, 1980ல் வந்தது, 2025 கடைசி நாளோடு மூடுவதாக வருஷக்கணக்காகத் திட்டம். டிசம்பர் 19 வாக்கில் ஒரு வால்வு பழுதாகி அலகு நின்றேபோனது. டிசம்பர் 30ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து எரிசக்தித் துறையின் அவசர உத்தரவு, மூடக் கூடாது, தயாராக வைத்திரு என்று, 90 நாளுக்கு. படுத்திருக்கிற மாட்டை ஏரில் பூட்டச் சொன்ன மாதிரி. சரி, உத்தரவு போட்டவர்கள் பணமும் அனுப்பினார்களா என்றால் அது இல்லை. பழுது பார்க்க ஆகும் ஒவ்வொரு நூறு டாலரிலும் 18 டாலர் எங்கள் நான்கு ஊர் பங்கு. பத்து வருஷம் உட்கார்ந்து போட்ட திட்டத்தை ஒரு தாள் இப்படிப் புரட்டிப் போடும் என்றால், 2029ல் ராஹைட்டை அணைக்கப் போகும் நேரத்தில் இன்னொரு தாள் வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

அந்த ஊர் ஆட்களை நினைத்தால் இன்னொரு வருத்தம். எங்களுக்கு நிலக்கரி என்பது பில்லில் ஒரு வரி. கிரெய்க்கில் அதுதான் சுரங்கம், சம்பளம், பள்ளிக்கூடத்து வரி எல்லாம். மாற்றத்தில் பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கென்று மாநிலம் 2019லேயே தனி அலுவலகம் திறந்திருக்கிறது, அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை அந்த ஊருக்குப் போய் ஒருவர் எழுதினால் நல்லது. என்னைப் போல இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்து எழுதுகிறவர்கள் வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இரண்டே திருத்தம். ஒன்று, தனியார் கம்பெனி என்பதை நான்கு நகராட்சிகளின் கூட்டு அமைப்பு என்று மாற்றுங்கள். இரண்டு, நிலக்கரி 2029 முடிவில் நிற்கிறது, கூடவே 200 மெகாவாட் எரிவாயு வருகிறது என்று ஒரு வரி சேருங்கள். இணையப் பதிப்பில் திருத்தினாலே போதும், அச்சில் இடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஃபோர்ட் காலின்ஸிலிருந்து ஒரு வாசகர்