முதல் ரவுண்டோட மேட்ச் முடிஞ்சிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாக்ஸிங் செய்தி எழுதும்போதெல்லாம் முதல் ரவுண்ட்லயே முடிவு தெரிஞ்சு போச்சுங்கற மாதிரி ஒரு வரி வந்துடுது. டிவி கமெண்ட்ரிலயும் இதே பேச்சுதான். இது சரியில்ல, அதுவும் 12 ரவுண்ட் தொழில்முறை மேட்சுக்கு சுத்தமா பொருந்தாதுன்னு சொல்லத்தான் இந்த கடிதம்.

2004ல லாஸ் வேகாஸ்ல பிலிப்பைன்ஸ் வீரர் மேனி பாக்கியோவும் மெக்சிகோ வீரர் யுவான் மானுவல் மார்க்கெஸும் மோதின முதல் மேட்ச எடுத்துக்குங்க. முதல் ரவுண்ட்லயே மார்க்கெஸ் மூணு தடவ கீழ விழுந்தாரு, மூக்குல ரத்தம், ரெஃப்ரி அப்பவே நிறுத்தியிருந்தாகூட யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா மனுஷன் எழுந்து நின்னு பாக்கியோவோட இடது கை எப்ப வருது எங்கேருந்து வருதுன்னு கவனிச்சு, அது வர்ற நேரத்துல பதிலுக்கு அடிக்க ஆரம்பிச்சு ஒவ்வொரு ரவுண்டா திரும்ப எடுத்தாரு. கடைசில மேட்ச் டிரா. பொதுவா ஒவ்வொரு ரவுண்டயும் ஜெயிச்சவருக்கு ஜட்ஜ் 10 போடுவாரு, தோத்தவருக்கு 9, கீழ விழுந்தா ஒவ்வொரு தடவைக்கும் இன்னொரு பாயிண்ட் குறையும்; எல்லா ரவுண்டயும் கூட்டினதுதான் மொத்த மார்க். ஒரு ஜட்ஜ் மார்க்கெஸுக்கு 115-110, இன்னொருத்தர் பாக்கியோவுக்கு அதே 115-110, மூணாவது ஜட்ஜ் 113-113. இதுல கவனிக்க வேண்டியது, அந்த மூணாவது ஜட்ஜ் முதல் ரவுண்டுக்கு 10-6 போட வேண்டிய இடத்துல 10-7 போட்டுட்டேன்னு பிறகு அவரே ஒத்துக்கிட்டாரு. மார்க்கெஸுக்கு அந்த ஒரு பாயிண்ட் குறைஞ்சிருந்தா பாக்கியோ ஜெயிச்சிருப்பாரு. அதனால முதல் ரவுண்டுக்கு மதிப்பே இல்லன்னு நான் சொல்லல, அது கணக்குல சேருது, ஆனா மத்த பதினோரு ரவுண்டயும் அது முடிவு பண்ணிடறதில்ல.

1958ல மாண்ட்ரியல்ல ஆர்ச்சி மூர் நாப்பது வயச தாண்டினவரு, இவோன் டுரெல் கையால முதல் ரவுண்ட்ல மூணு தடவ விழுந்தாரு, அஞ்சாவதுல இன்னொரு தடவ. பதினோராவது ரவுண்ட்ல நாக் அவுட் பண்ணி ஜெயிச்சது மூர்தான். ராக்கி மார்சியானோவும் 1952ல ஜெர்சி ஜோ வால்காட் கிட்ட முதல் ரவுண்ட்லயே விழுந்துட்டு 13வது ரவுண்ட்லதான் உலக ஹெவிவெயிட் பட்டத்த பிடிச்சாரு (அப்பல்லாம் பட்ட மேட்ச் 15 ரவுண்ட்).

முதல் ரவுண்ட எடுத்தவரே மேட்சையும் எடுக்கறது நிறைய நடக்குதேன்னு கேப்பீங்க. நடக்குதுதான், ஆனா காரணம் வேற, ரெண்டு பேர்ல திறமை அதிகம் இருக்கிறவரு முதல் ரவுண்டயும் எடுப்பாரு ஏழாவதயும் எடுப்பாரு. அது அவரோட திறமை, முதல் மூணு நிமிஷத்தோட சக்தி இல்ல. இன்னொண்ணு, ஆரம்பத்துல பாதி நேரம் ரெண்டு பேரும் தூரம் அளந்துட்டுதான் இருப்பாங்க, ஜாப் (முன்னாடி இருக்கற கையால போடற நேர் குத்து) மட்டும் போட்டு எதிராளி எப்படி விலகறான்னு பார்ப்பாங்க. பெரிய அடி ஒண்ணும் விழலன்னாலும் ஜட்ஜுங்க பெரும்பாலும் யாராவது ஒருத்தருக்கு 10 போட்டுடுவாங்க, கொஞ்சம் சுறுசுறுப்பா தெரிஞ்சவருக்கு அது போயிடும்.

முதல் ரவுண்ட்ல பாக்க வேண்டியது ஸ்கோர விட மத்த விஷயங்கதான். ஜாப் போட்ட கை நேரா தாடைகிட்ட திரும்புதா இல்ல தாழ இறங்கி வருதா, பின்னாடி போறவரு தானா போறாரா இல்ல தள்ளப்பட்டு போறாரா, ரவுண்ட் முடிஞ்சு ஸ்டூல்ல உக்காந்ததும் வாய் திறந்து மூச்சு வாங்கறாரா. இதெல்லாம் எட்டாவது ரவுண்ட பத்தி கொஞ்சமாவது சொல்லும்.

ஆனா ஒலிம்பிக் மாதிரி மூணே ரவுண்ட் இருக்கற அமெச்சூர் மேட்ச் வேற கதை. அங்க முதல் ரவுண்ட்னா மூணுல ஒரு பங்கு, தொலைச்சா மீட்க நேரம் ரொம்ப கம்மி. டோக்கியோ ஒலிம்பிக்ல நம்ம மேரி கோமுக்கு நடந்தது இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு. கொலம்பியாவோட இங்க்ரிட் வலென்சியாவுக்கு எதிரா முதல் ரவுண்ட்ல அஞ்சு ஜட்ஜுல நாலு பேர் வலென்சியாவுக்கு போட்டாங்க. ரெண்டாவதும் மூணாவதும் 3-2ன்னு மேரி கோமுக்கு. ரெண்டு ரவுண்ட் ஜெயிச்சும் மேட்ச் 3-2ன்னு வலென்சியாவுக்கு போச்சு, ஏன்னா ஒவ்வொரு ஜட்ஜும் தன்னோட மூணு ரவுண்டயும் தனியா கூட்டித்தான் முடிவு சொல்றாரு. மொத்த பதினஞ்சு தீர்ப்பயும் எண்ணி பாருங்க, வலென்சியாவுக்கு எட்டு, மேரி கோமுக்கு ஏழு. இத விளக்காம வெறும் "தோல்வி"ன்னு படிச்ச எத்தன பேரு ஏதோ அநியாயம் நடந்துடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க?

அதனால உங்க விளையாட்டு பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ மேட்ச் ரிசல்ட் போடும்போது ஜட்ஜுங்க கொடுத்த மார்க்க ரவுண்ட் வாரியா ஒரு சின்ன கட்டத்துல போடுங்க. எந்த ரவுண்ட்ல மேட்ச் திரும்புச்சுன்னு படிக்கறவங்களே பாத்துக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு குத்துச்சண்டை ரசிகர்