ப்ரீஃபெட்ச் ஃபோல்டரை அழிக்காதீர்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சர்வீஸுக்கு வரும் சிஸ்டங்கள் பலவற்றில் ஒரே பழக்கத்தைப் பார்க்கிறோம். வேகம் கூடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, தினமும் காலையில் விண்டோஸின் ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் டிலீட் செய்கிறார்கள். தயவுசெய்து இதை நிறுத்திவிடுங்கள். முன்பு நாங்களும் சர்வீஸ் முடிந்ததும் இதைச் செய்துதான் சிஸ்டத்தைக் கொடுத்தோம். தவறு என்று புரிந்த நாளிலிருந்து விட்டுவிட்டோம்.

அந்த ஃபோல்டரில் இருப்பது குப்பை இல்லை. நீங்கள் டேலியையோ ஃபோட்டோஷாப்பையோ திறக்கும்போது, முதல் பத்து விநாடிகளில் அது எந்தெந்த ஃபைலில் எந்தப் பகுதியைக் கேட்கிறது என்று விண்டோஸ் பார்த்துக் குறித்துவைக்கிறது. அடுத்த முறை திறந்தால், குறிப்பைப் பார்த்து, தேவையானதை மொத்தமாக முன்கூட்டியே ரேமுக்கு (சிஸ்டத்தின் வேகமான தற்காலிக நினைவகம்) கொண்டுவந்துவிடும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே கடுகையும் கறிவேப்பிலையையும் எடுத்துவைத்துக்கொள்வது மாதிரி. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த வசதி இது. தினமும் அழித்தால் விண்டோஸ் தினமும் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். ஃபோல்டர் நிரம்பி வழியுமோ என்ற பயமும் வேண்டாம். குறிப்புகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, பழையவற்றை விண்டோஸே நீக்கிக்கொள்ளும்.

ஹார்ட் டிஸ்க்கில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் (நிமிடத்துக்கு 7200 சுற்று) ஒரு சுற்றுச் சுற்ற 8 மில்லிவிநாடிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். தேவையான இடம் சுழன்று வர சராசரியாக அதில் பாதி. அதற்கு முன் படிக்கும் முனையான ஹெட் நகர்ந்து போக வேண்டும், அதற்குச் சுமார் 8 மில்லிவிநாடி. ஆக, ஒரு துண்டை எடுக்க 12 மில்லிவிநாடி. ஆயிரம் துண்டுகள் அங்கங்கே சிதறிக் கிடந்தால் 12 விநாடி காத்திருக்க வேண்டும்! ப்ரீஃபெட்ச் குறிப்பைக் கொண்டு வரிசைப்படுத்தி ஒரே ஓட்டமாகப் படித்தால்தான் இந்த நேரம் குறையும். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை, அதே ஆயிரம் துண்டுக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அப்புறம், ரேமைக் காலி செய்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் இந்த ரேம் கிளீனர் சாஃப்ட்வேர்கள். விண்டோஸ் விஸ்டா முதல் சூப்பர்ஃபெட்ச் என்ற ஏற்பாடும் இருக்கிறது, இப்போது அதன் பெயர் சிஸ்மெயின். நீங்கள் அடிக்கடி திறக்கும் சாஃப்ட்வேர்களைக் கவனித்து, சும்மா கிடக்கும் ரேமில் அவற்றை முன்பே ஏற்றிவைக்கும். வேறு வேலைக்கு ரேம் தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். இப்படி ஏற்றிவைத்ததை ரேம் கிளீனரால் துடைத்துக் காலியாக்கினால் எல்லாவற்றையும் மறுபடி டிஸ்க்கிலிருந்துதான் படிக்க வேண்டும். ஃபோனில் ஆப்களை ஓயாமல் தள்ளிவிட்டு மூடுவதும் இப்படித்தான்.

ஒரு விதிவிலக்கு. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள சில சிஸ்டங்களில், ஆன் செய்து வெகுநேரம் ஆகியும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கும். அப்போது சிஸ்மெயினை நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. முதலில் பேக்கப் எடுத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவாருங்கள், சோதித்துச் சொல்கிறோம்.

உங்கள் சிஸ்டம் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஓடுகிறது என்றால், வேகத்துக்காகச் செலவு செய்ய நினைக்கும் பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள். மாற்றிய பிறகும் ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைத் தொட வேண்டாம். கழற்றிய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் வெளியே வைத்துப் பயன்படுத்தும்படி ஒரு கேஸில் போட்டுத் தருகிறோம், பேக்கப்புக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையினர்