பட்டியல் முந்துகிறது, படிவம் பிந்துகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல கலை, அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு தொடங்கிய சில நாள்களிலேயே 'ஸ்லோ லேர்னர்ஸ்' (மெதுவாகக் கற்பவர்கள்) பட்டியல் தயாராகிவிடுகிறது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அமைப்பான நாக் (NAAC) தன் தரமதிப்பீட்டில் கேட்கும் என்பதற்காக வேரூன்றிய வழக்கம் இது. பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணில் ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே உள்ள பெயர்களைப் பாட ஆசிரியர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மாணவரின் முகம் பழகும் முன்பே முத்திரை விழுந்துவிடுகிறது.

இப்படி முன்கூட்டியே சொல்லி வைப்பது என்ன செய்யும்? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசந்தாலும் பள்ளி முதல்வர் லெனோர் ஜேக்கப்சனும் கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில், குலுக்கல் முறையில் எடுத்த ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளை 'இந்த ஆண்டு நன்றாக முன்னேறப் போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தார்கள். ஆண்டு முடிவில், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தக் குழந்தைகள் நுண்ணறிவுத் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 1968-ல் வெளியான இந்த ஆய்வின் மீது கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனால் 1984-ல் கல்வி ஆய்வாளர் ஸ்டீபன் ராடன்புஷ் இத்தகைய 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தெளிவானது: மாணவர்களோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிவிட்ட ஆசிரியரிடம் இப்படிப்பட்ட தகவல் அநேகமாக எடுபடுவதில்லை. நம் கல்லூரிகளோ பட்டியலை அந்த இரண்டு வாரத்துக்குள்தான் நீட்டுகின்றன.

கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அளந்து காட்டினார். படிக்கமாட்டார் என்று நினைக்கும் மாணவருக்கு அதைவிடக் குறைவு. மூன்று நொடி பொறுத்தால் பதில் நீள்கிறது, மௌனம் குறைகிறது. தமிழ் வழியில் படித்து வந்தவர் கேள்வியை உள்வாங்கி, விடையைத் தமிழில் யோசித்து, ஆங்கில வாக்கியம் கட்டி வாய் திறப்பதற்குள் கேள்வி முன் வரிசைக்குப் போய்விடுகிறது. ஒரு மாதம் இப்படிப் போனால் அவர் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிடுவார். முதல் உள்தேர்வில் மதிப்பெண் குறையும், பட்டியல் சொன்னது சரிதான் என்று ஆகிவிடும். மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். முதலில் தமிழிலேயே சொல்லட்டும்.

பட்டியல் போட்டே ஆக வேண்டுமென்றால், எது தெரியவில்லை என்று போடுங்கள். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படிக்காமல் பி.காம். சேர்ந்தவருக்குப் பற்று, வரவு விதி தெரியாது. வேதியியலில் பி.எச். (அமிலத்தன்மை அளவு) கணக்குப் போடத் தேவையான மடக்கை (லாகரிதம்) சிலருக்கு வராது. மூன்றாவது வாரத்தில் பத்துக் கேள்வி, 20 நிமிடம் போதும். வராததற்கு மட்டும் நான்கு மணி நேர வகுப்பு, பிறகு ஒரு மறுதேர்வு. தேறியதும் பெயரை அடித்துவிட வேண்டும். இதை மாலையில் வைத்தால் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வரமாட்டார்கள். கால அட்டவணைக்குள்ளேயே இடம் ஒதுக்க வேண்டும்.

மாணவர்கள் ஆசிரியரைப் பற்றி நிரப்பும் கருத்துப் படிவத்தில் கதை தலைகீழ். அது பருவத்தின் கடைசி வாரத்தில் வருகிறது. சில இடங்களில் அதை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட். ஆறு பாடம், பாடத்துக்கு 20 கேள்வி என்றால் கைப்பேசியில் 120 முறை தட்ட வேண்டும். ஒரே வரிசையில் கட்டைவிரல் மேலிருந்து கீழே இறங்குகிறது, முடிந்தது. பதிவெண் போட்டு உள்ளே போகிறவர், உள்மதிப்பெண் கையில் வராதபோது உண்மையை எழுதுவாரா?

சராசரியும் ஏமாற்றும். 15 பேர் உள்ள விருப்பப்பாட வகுப்பில் 13 பேர் ஐந்துக்கு 5 போட்டு, இருவர் 1 போட்டால் 4.47 ஆகிவிடும். அந்த இருவர் ஏன் போட்டார்கள் என்பது அதில் தெரியாது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய வகுப்புகளை ஆராய்ந்து, பொருளியலாளர்கள் ஸ்காட் கேரலும் ஜேம்ஸ் வெஸ்டும் 2010-ல் வெளியிட்ட முடிவு கவலை தருவது. தன் பாடத் தேர்வில் மதிப்பெண்ணை உயர்த்திய ஆசிரியர்களுக்கு மாணவர்கள் நல்ல மதிப்பீடு தந்தார்கள். ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த கணிதப் பாடங்களில் பின்தங்கினார்கள். இந்த எண்ணை வைத்துப் பதவி உயர்வு என்றால், கடினமான கணக்கை வகுப்பில் கொடுக்க யார் துணிவார்கள்?

ஆறாவது வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஆசிரியர் வெளியே போய்விடட்டும். பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் மூன்றே கேள்விகள்: எந்த இடம் புரியவில்லை, எது புரிய உதவியது, எதை மாற்றலாம்? அடுத்த வகுப்பில் எதை மாற்றப் போகிறோம், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்லிவிட வேண்டும். மாற்றத்தின் பலன் அந்த மாணவர்களுக்கே கிடைக்கும். அந்தச் சீட்டு துறைத்தலைவரிடமோ அலுவலகக் கோப்புக்கோ போகக் கூடாது. போனால், அடுத்த முறை எல்லாச் சீட்டிலும் 'நன்று' என்று மட்டுமே இருக்கும்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.