கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவசரப்படாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று, "பிடுங்கிப் போட்டால் தொல்லை விட்டதம்மா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

வலி தானாகவே நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டாயே, எனக்கு அதுதான் கவலை. இரவெல்லாம் தெறித்த பல் திடீரென்று அடங்கினால், பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கிருமி அங்கேயேதான் இருக்கும்; வேர் நுனி வழியாகத் தாடை எலும்பில் இறங்கிச் சீழ் பிடிக்கும். மருந்துக் கடையில் நீயாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதே. செத்த நரம்பில் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து எந்த வழியாகப் போய்ச் சேரும்?

செத்த நரம்பை எடுத்துவிட்டு உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) என்றதும் உனக்கு நடுக்கம். பல் பிரிவில் செவிலியராக எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். மரத்துப்போக ஊசி போட்டபின் பலர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், அவற்றுக்குள் நரம்பு ஓடும் மெல்லிய கால்வாய் மூன்று அல்லது நான்கு. மயிரிழை போன்ற அரங்களால் ஒவ்வொன்றையும் சுரண்டி, சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவுவார்கள். துணி வெளுக்கும் பிளீச்சில் இருக்கும் அதே சரக்கு. பிறகு கட்டாபெர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சிகளை நுனிவரை செலுத்தி அடைப்பார்கள். மரத்துப் பாலிலிருந்து வருவது அது.

அதற்குப் பின்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வலி போனதும், பல்லை மூடும் உறையான கிரவுனைப் போட வருவதில்லை. ஏற்கெனவே பாதி உடைந்த பல், முறுக்கு கடிக்கும்போது வேர்வரை பிளந்துவிடும். பிளந்தபின் யாராலும் காப்பாற்ற முடியாது.

பிடுங்கினால் என்ன ஆகும் என்று கேட்டாய். அப்பாவைப் பார். கீழ்ப்பல்லைப் பிடுங்கிய இடத்தில் பின்பல் சாய்ந்துவிட்டது, மேற்பல் கீழே இறங்கிவிட்டது. சாப்பிட்டு எழுந்தால் கையில் பல்குச்சிதான். விருந்தாளி முன்னாலும் வெட்கமில்லை. எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்பாய். நல்ல ஏற்பாடுதான், செலவும் அதிகம். ஆனால் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. சோற்றில் கல் கடிபட்டதும் தாடை சட்டென்று நிற்கிறதே, அதற்கு அந்தப் படலம்தான் முக்கியக் காரணம். இம்பிளான்ட்டுக்கு அது கிடையாது.

எந்தப் பல்லையும் பிடுங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேர் நெடுகப் பிளந்திருந்தாலோ, எலும்பு கரைந்து பல் ஆடினாலோ, கிரவுன் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே பல்லே மிஞ்சவில்லை என்றாலோ எடுத்துவிடலாம். தொல்லை தரும் ஞானப்பல் என்றால் நானே போய் எடுத்துக்கொண்டு வா என்பேன். உன்னுடையது ஆறு வயதில் முளைத்த பல். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதே.

அதுவரை மறுபக்கம் மென்று சாப்பிடு. கிராம்பு எண்ணெயை ஈறில் தடவாதே, புண்ணாகிவிடும். முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஓடு. கிரவுனையும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள். பணம் போதவில்லை என்றால் அப்பாவிடம் போகாதே, என்னிடம் சொல்.

அன்புடன்,
அம்மா