குமரி மாவட்ட பல் டாக்டர்மாருக்கு: "முறுக்கான் உண்டா"ன்னு கேளுங்க

மாவட்டத்துல கிளினிக் வச்சிருக்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இருக்க, டென்டல் காலேஜ்ல படிக்க எல்லா பல் டாக்டர்மாருக்கும் வணக்கம்.

நான் விளவங்கோடு தாலுகாக்காரி. எங்க அம்மை முப்பது வருசத்துக்கு மேல அண்டியாபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்க ஃபாக்டரியில, வேலைக்கு இருந்தா. நாள் பூரா ஒரே இடத்துல இருந்து அண்டி தல்லணும், அந்த எண்ணெ பட்டா கையி பொள்ளிப்போவும், பசியும் தூக்கமும் தெரியாம இருக்கட்டுமேன்னு வெத்தல, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு துண்டு பொயில, எல்லாஞ்சேத்து முறுக்கானா இடது கவுளுல ஒதுக்கிக்கிடுவா. பக்கத்துல இருக்க அக்காமாரும் அப்படித்தான். வீட்டுல யாரும் அத ஒரு கெட்ட பழக்கமா நெனச்சதே இல்ல, பாட்டியும் போட்டா, அம்மையும் போடுதா, அவ்வளவுதான்.

மூணு வருசத்துக்கு முன்ன அம்மைக்கு கடவாப்பல்லு வலி. ஒரு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போனேன், பேரு வேண்டாம். அங்க ஒரு ஃபாரம் தந்தாங்க, அதுல ஸ்மோக்கிங், டிரிங்க்ஸ்னு ரெண்டு கட்டம், நானே ரெண்டுலயும் இல்லன்னு டிக் போட்டேன். உள்ள போன பெறவு டாக்டர் "புகையிலை பழக்கம் உண்டா"ன்னு ஒரு வாட்டி கேட்டாரு, அம்மை இல்லன்னு தலையாட்டினா. அவ பொய் சொல்லல டாக்டர். புகையிலைன்னா அவளுக்கு பீடி, ஆம்பளைங்க காரியம். அவ போடுதது முறுக்கான். அந்த ஒரு வார்த்தை வித்தியாசத்துல எங்களுக்கு ஒண்ணரை வருசம் போச்சு.

ஏன்னா அன்னைக்கே அறிகுறி இருந்துருக்கு. கொஞ்ச நாளாவே அம்மை சாளைக் கறியில வத்தல் கொறச்சிட்டா, மரச்சீனிக்கு தொட்டுக்க முளவு அரைக்கதையே விட்டுட்டா, கேட்டா வாயி எரியுதுன்னா, நாங்க வயசாவுதுல்லான்னு விட்டுட்டோம். அந்த டாக்டர் பல்லு பிடுங்குறப்ப "இன்னும் நல்லா தொறங்கம்மா, தொறங்கம்மா"ன்னு நாலு தடவ சத்தம் போட்டாரு, அவளால தொறக்க முடியலன்னு அவருக்கும் தோணல எனக்கும் தோணல, பல்லு வந்திச்சு ஆனா பிடுங்கின குழி ரெண்டு வாரம் ஆறாம விண்ணு விண்ணுன்னு வலிச்சுது, அதுக்குப் பெறவு பல்லு டாக்டர்னாலே அம்மை வர மாட்டேன்னுட்டா.

பெறவு எங்க ஊருல ஒரு கேம்ப். சின்னப் பொண்ணு, ஹவுஸ் சர்ஜனா இருக்கும். அம்மையப் பாத்ததும் சிரிச்சிட்டு "அம்மா முறுக்கான் போடுவியளா, எந்தப் பக்கம் வப்பிய"ன்னு கேட்டா. அம்மை ஒடனே இடது பக்கம்னு வெரலு காட்டினா, எத்தன வருசம், ஒரு நாளைக்கு எத்தன வாட்டி, ராத்திரி வாயில வச்சிட்டே ஒறங்குவியளா, எல்லாத்துக்கும் பதில் சொன்னா. மூணு வெரல அடுக்கி வாயில வைக்கச் சொன்னா அந்தப் பொண்ணு, அம்மைக்கு ரெண்டுதான் போச்சு. டார்ச் அடிச்சு கவுளு உள்ள எனக்கும் காட்டினா, இடது பக்கம் வெள்ளையா ஒரு படை, தொட்டா கெட்டியா இருந்துச்சு.

பயாப்ஸி எடுத்தோம். ரிசல்ட் வாற வரைக்கும் எங்க வீட்டுல அடுப்பு ஒழுங்கா எரியல. புத்துநோய் இல்ல, ஆனா அதுக்கு முந்தின கட்டம்னு சொன்னாவ. வாயி இறுகிப்போனதுக்கு பாக்குதான் முக்கிய காரணமாம், பொயில இல்லாம வெறும் பாக்குன்னாலும் புத்துநோய் வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே சொல்லிட்டு. இறுகினது பழையபடி முழுசா ஆகாதாம். இப்பம் தெனமும் ஐஸ்குச்சிய அடுக்கி பல்லுக்கு இடையில வச்சு வாயி தொறந்து பழகுதா. முறுக்கான விட்டு எட்டு மாசம் ஆச்சு, மொத மாசம் அவ பட்ட பாடு, எரிச்சல், கோவம், ஒறக்கமில்ல, அழுவா. 1800-11-2356ங்கிற இலவச நம்பருல பேசினது அவளுக்கு நெசமாவே உதவிச்சு. அந்த நம்பர் பொயில பாக்கெட்டுலேயே போட்டிருக்கு, அம்மைக்கு வாசிக்கத் தெரியாது.

நான் கேக்கது பெரிய மெஷினு ஒண்ணுமில்ல. களியக்காவிளை தாண்டினா திருவனந்தபுரம் மாவட்டம், அங்க 1996-ல தொடங்கி பஞ்சாயத்து பஞ்சாயத்தா பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர்ங்க ஆளுங்க வாயத் தொறந்து கண்ணால பாத்தாங்க, அவங்க டாக்டர்கூட கெடையாது. 2005-ல அந்த ஆய்வோட முடிவு வெளியாச்சு. பொயில, குடிப் பழக்கம் உள்ளவங்கள்ல வாய்ப் புத்துநோய் சாவு மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருந்துச்சு. வெறும் கண்ணும் வெளிச்சமும் வச்சு. உங்க சேர்ல லைட் தலைக்கு மேலயே இருக்கு.

அதனால பல்லுவலின்னு வந்தாலும் கவுளு, நாக்கடி எல்லாம் ஒரு தடவ பாருங்க. ஃபாரத்துல முறுக்கான், பாக்கு, ஹான்ஸ், மூக்குப்பொடின்னு ஆளுங்க சொல்லுத பேருலயே கட்டம் போடுங்க, பொம்பளையளுக்கும் சேத்து. பீடி சிகரெட்டு குடிக்கவங்களுக்கு ஈறு கெட்டுப்போனாலும் ரத்தம் அவ்வளவா வராதாம், அவங்க நல்லா இருக்குன்னு நெனச்சிட்டிருப்பாங்க, அதையும் எடுத்துச் சொல்லுங்க. ஆனா திட்டாதீங்க. கறைபிடிச்ச பல்லப் பாத்து முகஞ்சுளிச்சா எங்க அம்மை மாதிரி ஆளுங்க மறுபடி உங்க வாசப்படி ஏற மாட்டாவ.

அடுத்த சனிக்கிழமை அம்மைக்கு செக்கப். கூட அண்டியாபீஸ்ல இருந்து ரெண்டு அக்காமாரு வாறதா சொல்லியிருக்காவ, ஒருத்திக்கு கொஞ்ச நாளா காரம் பிடிக்கலையாம்.